கிறிஸ்டி ரிங்: எட்டுப் பதக்கங்களும் கைக்கு வராத ஒன்பதாவதும்

கேள்வி இதுதான்: "அயர்லாந்தின் ஹர்லிங் ஆட்டத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் கிறிஸ்டி ரிங் என்ற பெயர் வருகிறது. யார் இவர்? ஹென்றி ஷெஃப்லின் பத்து ஆல் அயர்லாந்துப் பதக்கங்கள் வாங்கியிருக்கிறார், ரிங் வாங்கியது எட்டுதான். அப்படியிருந்தும் ரிங்தான் எல்லோரையும்விடப் பெரியவர் என்று ஏன் பலர் சொல்கிறார்கள்?"

பதக்கத்தை மட்டும் எண்ணினால் ஷெஃப்லின்தான் மேலே, அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இந்த இரண்டு எண்களும் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல. அதைவிட முக்கியமாக, ரிங்கைப் பற்றிப் பேச வேண்டியது அவர் ஜெயித்த எட்டைப் பற்றி மட்டுமல்ல, தோற்ற ஒன்றைப் பற்றியும்தான் என்பது என் எண்ணம். 1956ஆம் ஆண்டு இறுதிப் போட்டியைச் சொல்கிறேன். அதற்கு வருவதற்கு முன் கொஞ்சம் அடிப்படை.

ஹர்லிங்கில் பக்கத்துக்குப் பதினைந்து பேர். கையில் ஆஷ் மரத்தில் செதுக்கிய மட்டை. அதன் அடிப்பகுதி அகன்று தட்டையாக இருக்கும். ஐரிஷ் மொழியில் கமான், சாதாரணப் பேச்சில் ஹர்லி. பந்து தோல் போர்த்தியது, உள்ளங்கையில் அடங்கிவிடும், ஸ்லிட்டர் என்பார்கள். மைதானம் கால்பந்து மைதானத்தைவிடப் பெரியது, நீளம் சுமார் 140 மீட்டர். பந்தைத் தரையோடு அடிக்கலாம், காற்றில் வரும்போதே அடிக்கலாம், கையால் பிடிக்கவும் செய்யலாம். ஆனால் கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் நகரக் கூடாது. அதற்கு மேல் ஓட வேண்டுமென்றால் மட்டையின் தட்டையான முனையில் பந்தை நிறுத்தி, விழாமல் சுமந்துகொண்டே ஓட வேண்டும். எதிரணிக்காரர் பக்கத்தில் மட்டையை வீசிக்கொண்டே வருவார்.

கோல் கம்பம் ஆங்கில எழுத்து எச் போல இருக்கும். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளிகள். மேலே போனால் ஒரு புள்ளி. 2-14 என்று ஸ்கோர் எழுதினால் இரண்டு கோல், பதினான்கு புள்ளி; மொத்தம் 20. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே நிறைய வரும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஆட்டத்தை நடத்துவது கேலிக் அத்லெடிக் அசோசியேஷன், சுருக்கமாக ஜி.ஏ.ஏ. 1884ல் டிப்பரரி கவுண்டியின் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் போல) தர்லஸ் ஊரில் தொடங்கிய அமைப்பு. இங்கே ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது, அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. ஊர் கிளப்புக்கு ஆடுவார்கள், அதில் நன்றாக ஆடினால் கவுண்டி அணிக்கு எடுப்பார்கள். கவுண்டி அணிகள் முதலில் தங்கள் மாகாணத்துக்குள் மோதும், அதைத் தாண்டி வருபவர்கள் நாடு முழுவதற்குமான ஆல் அயர்லாந்துப் பட்டத்துக்கு மோதுவார்கள். பணம் கொடுத்து ஒருவரை இன்னொரு கவுண்டிக்கு வாங்கும் வழக்கம் இல்லை. எண்பதாயிரம் பேர் முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆடியவர் திங்கட்கிழமை காலை வேலைக்குப் போயாக வேண்டும்.

சரி, ரிங்குக்கு வருவோம்.

தெற்கு அயர்லாந்தில் கார்க் கவுண்டியின் கிழக்குப் பக்கம் க்ளோய்ன் என்று ஒரு சின்ன ஊர். பழைய வட்டக் கோபுரம் ஒன்று ஊர் நடுவில் நிற்கும். தத்துவ அறிஞர் பெர்க்லி பதினெட்டாம் நூற்றாண்டில் பிஷப்பாக இருந்த ஊரும் அதுதான். ரிங் 1920 அக்டோபர் 30 அன்று அங்கே பிறந்தார். அப்பா நிக்கலஸ் தோட்ட வேலை பார்த்தவர். பையனுக்குப் பதின்ம வயது இருக்கும்போதே இறந்துவிட்டார். பள்ளிப் படிப்பு பதினான்கு வயதோடு சரி. பக்கத்து ஊரான மிடில்டனில் ஒரு மெக்கானிக் கடையில் தொழில் பழகினார். பிறகு கார்க் நகரத்துக்குப் போய் லாரி டிரைவர் ஆனார். முதலில் அரசுப் போக்குவரத்து நிறுவனத்தில், பின்னர் ஷெல் கம்பெனியின் எண்ணெய் லாரியில். கடைசிவரை அவர் பிழைப்பு அதுதான்.

அந்த லாரியைப் பற்றிச் சொல்லாமல் ரிங்கைப் பற்றிச் சொல்ல முடியாது. முன் சீட்டில் எப்போதும் ஒரு ஹர்லியும் பந்தும் கிடக்கும். சாப்பாட்டு நேரத்திலோ, எண்ணெய் இறக்கக் காத்திருக்கும் நேரத்திலோ, பக்கத்தில் புல்வெளியோ சுவரோ இருந்தால் போதும், இறங்கிப் பந்தடிக்க ஆரம்பித்துவிடுவார். மைதானத்தைச் சுற்றி ஓடுவது போன்ற பயிற்சிகளில் அவருக்கு நம்பிக்கை குறைவு. ஹர்லிங்குக்குப் பயிற்சி ஹர்லிங்தான் என்பது அவர் கட்சி. இடது பக்கம், வலது பக்கம், தரைப் பந்து, பறந்து வரும் பந்து, எல்லைக்கோட்டிலிருந்து வெட்டி அடிப்பது என ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து, நாள் தவறாமல் செய்தார். நடுத்தர உயரம்தான். ஆனால் தோளும் முன்கையும் மணிக்கட்டும் அசாத்திய வலு. மது தொட்டதில்லை. தினமும் காலைத் திருப்பலிக்குப் போகிற ஆள். பேட்டி, புகழ்ச்சி எல்லாவற்றிலிருந்தும் விலகி நின்றார்.

கூச்ச சுபாவம் என்றாலும் தன் தகுதி அவருக்குத் தெரியாமல் இல்லை. அடக்கம் என்பது நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்திருப்பதுதான், தான் எங்கே நிற்கிறேன் என்பது தனக்கு எப்போதும் தெரியும் என்று அவர் சொன்னதை அங்கே இன்றும் மேற்கோள் காட்டுவார்கள்.

1938ல் கார்க்கின் இளையோர் அணியில் ஆடி ஆல் அயர்லாந்து ஜெயித்தார். 1939ல் பெரியவர்கள் அணிக்கு வந்தார். 1941ல் கார்க் நகரின் வடபகுதியான பிளாக்பூலில் இருக்கும் க்ளென் ரோவர்ஸ் கிளப்பில் சேர்ந்தார். அந்தக் கிளப்பில் அவருக்கு மூத்தவர் ஜாக் லிஞ்ச். அந்தப் பெயரையும் நினைவில் வையுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

முதல் ஆல் அயர்லாந்துப் பதக்கம் 1941ல் கிடைத்தது, அது கொஞ்சம் விசித்திரமான வருடம். கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியதால் டிப்பரரி, கில்கென்னி பக்கம் ஆட்டங்களை நடத்த முடியவில்லை. மன்ஸ்டர் மாகாண இறுதிப் போட்டியே நடக்காமல், கார்க்கை மாகாணப் பிரதிநிதியாக நியமித்து அனுப்பினார்கள். அவர்கள் டப்ளினை 5-11க்கு 0-6 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு, தள்ளிப்போன மன்ஸ்டர் இறுதிப் போட்டி நடந்தபோது டிப்பரரியிடம் தோற்றார்கள். அதாவது தன் மாகாணத்தை ஜெயிக்காமலே அயர்லாந்துச் சாம்பியன்! டிப்பரரிக்காரர்கள் இதை இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டியதில்லை.

ஆனால் 1942, 43, 44 மூன்றிலும் யாரும் குறை சொல்ல முடியாதபடி கார்க் ஜெயித்தது. தொடர்ந்து நான்கு ஆல் அயர்லாந்து, அதற்கு முன் ஹர்லிங்கில் யாரும் செய்யாதது. ரிங்குக்கு அப்போது 23 வயது.

1944ல் லிமரிக்கோடு நடந்த மன்ஸ்டர் இறுதிப் போட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அயர்லாந்து நடுநிலை வகித்தாலும் பெட்ரோல் கிடைக்கவில்லை. கார் ஓடாது, ரயிலும் குறைவு. ஜனங்கள் சைக்கிளை மிதித்துக்கொண்டு தர்லஸுக்கு வந்தார்கள். கார்க் நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். சைக்கிள் ஃபைனல் என்றே அதற்குப் பெயர். முதல் ஆட்டம் கார்க் 6-7, லிமரிக் 4-13. இரண்டும் 25, சமன். மறுபடியும் சைக்கிளை மிதித்து வந்தார்கள். இரண்டாவது ஆட்டமும் முடியும் தறுவாயில் 3-6க்கு 3-6. லிமரிக் அணியில் மிக் மேக்கி இருந்தார். ரிங்குக்கு முன்னால் அயர்லாந்தின் மிகப்பெரிய ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் பலர் சொல்வது அவர் பெயரைத்தான். அந்த நிலையில் ரிங் தூரத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார், தடுக்க வந்தவர்களைத் தாண்டினார், வலைக்குள் அடித்தார். 4-6க்கு 3-6, ஆட்டம் முடிந்தது. மேக்கியின் காலம் முடிந்து ரிங்கின் காலம் தொடங்கிய இடம் என்று அந்த ஒரு ஓட்டத்தைத்தான் நான் சொல்வேன்.

1946ல் கேப்டனாக இருந்து ஐந்தாவது பதக்கம். கில்கென்னியை 7-5க்கு 3-8 என்று வென்ற அந்த ஆட்டத்திலும் பந்தை மட்டையில் சுமந்து பாதுகாப்பு அரணை ஊடுருவி ஒரு கோல் போட்டார். மறு வருடம் அதே கில்கென்னி பழி தீர்த்தது. 0-14க்கு 2-7, ஒரே புள்ளி வித்தியாசம். ஹர்லிங் வரலாற்றின் தலைசிறந்த இறுதிப் போட்டிகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள்.

அப்புறம் டிப்பரரியின் நேரம். 1949, 50, 51 மூன்று வருடமும் கார்க்கை மன்ஸ்டரிலேயே மடக்கிவிட்டு அவர்களே அயர்லாந்தை ஜெயித்தார்கள். ரிங் முப்பதைத் தாண்டியிருந்தார். அந்த வயதில் பெரும்பாலான ஹர்லிங்காரர்கள் மட்டையைச் சுவரில் மாட்டிவிடுவார்கள். ஆனால் அவருடைய வாழ்க்கையின் செறிவான பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

1952 மன்ஸ்டர் இறுதிப் போட்டியில் டிப்பரரி தொடர்ந்து நான்காவது முறைக்குக் குறிவைத்து வந்தது. கார்க் 1-11, டிப்பரரி 2-6. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் கார்க் தடுத்து நிறுத்தியது. தலையில் கட்டுப்போட்டபடி ரிங் மைதானத்தை விட்டு நடந்து வரும் புகைப்படம் அந்த ஆட்டத்தில் எடுத்ததுதான். ஹெல்மெட் இல்லாத காலம் அது. 2010ல்தான் எல்லோருக்கும் கட்டாயமானது. அந்த வருடம் டப்ளினையும், 1953ல் கால்வேயையும், 1954ல் வெக்ஸ்ஃபோர்டையும் வென்று கார்க் மூன்று வருடம் தொடர்ச்சியாகச் சாம்பியன் ஆனது. 53லும் 54லும் ரிங்தான் கேப்டன். மூன்று முறை கேப்டனாக நின்று ஆல் அயர்லாந்து ஜெயித்த மிகச் சிலரில் அவர் ஒருவர்.

இந்த மூன்றில் 1953 இறுதிப் போட்டி கசப்பானது என்பதையும் மறைக்கக் கூடாது. ரிங்கை மடக்குவதற்காக நின்ற கால்வே வீரருக்கு அடிபட்டு அவர் வெளியேற நேர்ந்தது. வேண்டுமென்று நடந்ததா, இல்லையா என்று இரு தரப்பும் நெடுங்காலம் சண்டை போட்டன. ரிங் மென்மையான ஆட்டக்காரர் அல்ல. தோளோடு தோள் மோதுவதில் யாருக்கும் பின்வாங்காதவர். அவரை நிறுத்தத் தீர்மானித்து வந்தவர்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. அந்தக் காலத்து ஹர்லிங் அப்படித்தான் இருந்தது.

1954 இறுதிப் போட்டிக்கு டப்ளினின் க்ரோக் பார்க் மைதானத்தில் 84,856 பேர் வந்தார்கள். ஹர்லிங் ஆட்டம் ஒன்றுக்கு அதுவரையும் அதன் பிறகும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. கடைசி நிமிடங்களில் ஜானி கிளிஃபோர்டு என்ற இளைஞர் போட்ட கோலில் கார்க் 1-9க்கு 1-6 என்று தப்பித்தது. எட்டாவது பதக்கம். அன்றைக்கு உலகத்தில் வேறு யாரிடமும் எட்டு இல்லை.

இனி 1956.

அந்த வருட மன்ஸ்டர் இறுதிப் போட்டியில் லிமரிக் நீண்ட நேரம் ரிங்கைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது. அவருக்கு வயது 35. முடிந்தது ரிங்கின் கதை என்று கூட்டம் நினைக்க ஆரம்பித்திருக்கும். ஆட்டம் முடிய சில நிமிடங்களே இருந்தபோது ஒரு கோல் அடித்தார். உடனே இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. கார்க் 5-5, லிமரிக் 3-5.

ஆல் அயர்லாந்து இறுதிப் போட்டி மறுபடியும் வெக்ஸ்ஃபோர்டோடு. கார்க்கில் இளம்பிள்ளைவாதம் பரவியிருந்ததால் வழக்கமான நாளில் நடத்தாமல் செப்டம்பர் 23க்குத் தள்ளினார்கள். வந்தவர்கள் 83,096 பேர். ரிங் ஜெயித்தால் ஒன்பதாவது பதக்கம், யாரும் தொடாத எண். அது மைதானத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். வெக்ஸ்ஃபோர்டு அணியும் சாதாரணமானதல்ல. ராக்கார்டு சகோதரர்கள் மூன்று பேர், நடுவில் நிக் ஓ'டானல், கோலில் ஆர்ட் ஃபோலி என்ற சிறிய உருவம். முந்தைய வருடம்தான் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் ஆல் அயர்லாந்து ஜெயித்திருந்தார்கள்.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும். வெக்ஸ்ஃபோர்டு இரண்டு புள்ளி முன்னால். ஒரு கோல் விழுந்தால் கார்க் முந்திவிடும். பந்து ரிங்கிடம் வந்தது. ஒருவரைக் கடந்து உள்ளே வந்தார், வலையை நோக்கி அடித்தார். அந்தத் தூரத்தில் அந்தக் கையிலிருந்து கிளம்பிய பந்து எத்தனையோ முறை எங்கே போயிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஃபோலி தடுத்தார். தடுத்ததோடு நில்லாமல் பந்தை வெளியேற்றிவிட்டார். அது கை மாறி மறுமுனைக்குப் போய் நிக்கி ராக்கார்டிடம் சேர்ந்தது, அவர் கோல் போட்டார். அவ்வளவுதான். வெக்ஸ்ஃபோர்டு 2-14, கார்க் 2-8.

ஃபோலி பந்தைத் தடுத்த உடனே ரிங் என்ன செய்தார் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஓடிப்போய் ஃபோலியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆட்டம் இன்னும் முடியவில்லை. தன் ஒன்பதாவது பதக்கத்தைத் தன் கண்ணெதிரே பறித்தவர் அவர். அன்றைய விதிப்படி கோல்கீப்பரை உடம்பால் மோதித் தள்ளவே முன்வரிசைக்காரர்களுக்கு இடம் இருந்தது, பலரும் அதைத்தான் செய்தார்கள். இவர் கை கொடுத்தார்.

ஆட்டம் முடிந்ததும் இன்னொன்று நடந்தது. வெக்ஸ்ஃபோர்டின் நிக் ஓ'டானலும் பாபி ராக்கார்டும், அதாவது ஜெயித்த அணியின் தூண்கள் இருவர், தோற்றுப்போன ரிங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியே வந்தார்கள். தங்கள் கோப்பையைத் தூக்குவதற்கு முன் எதிரணி ஆளைத் தூக்கினார்கள். வெக்ஸ்ஃபோர்டின் மேல் எனக்கு என்றைக்கும் மரியாதை இருப்பதற்கு அந்த ஒரு காட்சி போதும்.

ரிங்குக்கு ஒன்பதாவது கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் அவர் அதோடு நிறுத்தவும் இல்லை. 1963 வரை கார்க்கின் சட்டையில் இருந்தார். 1959ல், 39 வயதை ஒட்டி, அந்த வருடத்தின் சிறந்த ஹர்லிங்காரர் விருது அவருக்குத்தான் போனது. 1961ல் லிமரிக்கில் நடந்த மன்ஸ்டர் இறுதிப் போட்டிக்கு அறுபதாயிரம் பேர் வந்தார்கள். நாற்பது வயது ரிங் அங்கே டிப்பரரியை எதிர்த்து நின்றார், கார்க் தோற்றது.

இந்தக் கடைசிப் பத்தாண்டில் அவரைப் புரிந்துகொள்ள ரயில்வே கோப்பையைப் பார்க்க வேண்டும். நான்கு மாகாண அணிகள் மோதும் போட்டி அது. செயின்ட் பேட்ரிக் நாளில் க்ரோக் பார்க்கில் இறுதிப் போட்டி. மன்ஸ்டர் அணிக்கு ஆடி 1942க்கும் 1963க்கும் இடையே ரிங் 18 பதக்கங்கள் வாங்கினார். கடைசிப் பதக்கம் வாங்கும்போது வயது 42. அந்தப் போட்டியில் மட்டும் அவர் அடித்தது 42 கோல், 105 புள்ளி. 1959 இறுதிப் போட்டியில் கானக்ட் மாகாணத்துக்கு எதிராகத் தனியாளாக 4-5, அதாவது 17 புள்ளிகள். மாகாணத்தின் மிகச்சிறந்த பதினைந்து பேரில் ஒருவராக இருபது வருடத்துக்கு மேல் இடம்பிடித்தவர் வேறு யாரும் இல்லை. அவர் போன பிறகு அந்தப் போட்டிக்குக் கூட்டம் மெல்ல மெல்ல வற்றிவிட்டது. ஜனங்கள் ரயில்வே கோப்பையைப் பார்க்க வரவில்லை, ரிங்கைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள்.

கார்க் கவுண்டி அணிக்காக ஆல் அயர்லாந்து சாம்பியன்ஷிப்பில் மொத்தம் 64 ஆட்டம், 33 கோல், 208 புள்ளி. கில்கென்னியின் எடி கெஹர் பின்னாளில் தாண்டும்வரை அதுதான் சாதனை. கார்க் கவுண்டிக்குள் கிளப்புகள் மோதும் போட்டியில் க்ளென் ரோவர்ஸுக்காக 14 பட்டங்கள். அந்தக் கிளப்புக்குக் கடைசியாக ஆடியது 1967ல், 46 வயதில். இடையில் 1962ல் ரீட்டா டெய்லரைத் திருமணம் செய்திருந்தார்.

இப்போது ஷெஃப்லின் கேள்விக்கு வருகிறேன்.

ரிங் காலத்தில் சாம்பியன்ஷிப் என்பது முழுக்க நாக்அவுட். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோற்றால் அடுத்த வருடம்தான். 1955ல் நடப்புச் சாம்பியன் கார்க்கை கிளேர் ஒரே புள்ளியில் தோற்கடித்தது, வருடம் முடிந்தது. 1960 மன்ஸ்டர் இறுதிப் போட்டியில் கார்க் 4-11 அடித்தும் டிப்பரரி 4-13 அடித்துவிட்டது, இரண்டு புள்ளியில் வருடம் முடிந்தது. அதுவும் மன்ஸ்டரில் இருந்து ஜெயித்து வருவது அந்தக் காலத்தில் அயர்லாந்தை ஜெயிப்பதைவிடக் கடினம். 1997லிருந்துதான் ஒருமுறை தோற்றவர்களும் திரும்பி வர வழி வைத்தார்கள்.

கில்கென்னிக்காரரான ஷெஃப்லினுக்கு ஒன்பதாவது பதக்கம், அதாவது ரிங்கையும் டிப்பரரியின் ஜான் டாய்லையும் தாண்டவைத்த பதக்கம், 2012ல் வந்தது. அந்த வருடம் லெயின்ஸ்டர் மாகாண இறுதிப் போட்டியில் கில்கென்னி கால்வேயிடம் தோற்றிருந்தது. 1956ன் விதி இருந்திருந்தால் அன்றைக்கே அவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். புது விதிப்படி திரும்பி வந்து, அதே கால்வேயோடு இறுதிப் போட்டியில் சமன் செய்து, மறு ஆட்டத்தில் ஜெயித்தார்கள். இது ஷெஃப்லினைக் குறைத்துச் சொல்வதற்காக அல்ல. அந்த இறுதிப் போட்டியில் அணி தடுமாறியபோது தாங்கிப் பிடித்ததே அவர்தான். நான் நேரலையில் பார்த்தவர்களில் அவரைவிடப் பெரிய ஹர்லிங்காரர் இல்லை. நியாயமாகப் பேச வேண்டுமென்றால் ரிங்கின் 1941 பதக்கத்திலும் டிப்பரரியிடம் தோற்ற ஒரு ஆட்டம் ஒளிந்திருக்கிறது என்பதை மேலேயே சொல்லிவிட்டேன். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடிவு சொல்ல முடியாது என்பதுதான் விஷயம்.

ஜான் டாய்லையும் விட்டுவிடக் கூடாது. 1965ல் ரிங்கின் எட்டைச் சமன் செய்தவர், 1967ல் ஒன்பதாவதுக்காக இறுதிப் போட்டிவரை வந்து கில்கென்னியிடம் தோற்றார். அந்த ஒன்பது அவ்வளவு சுலபமாக யாருக்கும் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் யார் பெரியவர்? ரிங் என்றுதான் நான் சொல்வேன். பதக்கத்துக்காக அல்ல. ஒரு அணியின் எந்த இடத்தில் நிறுத்தினாலும், இருபத்து நான்கு வருடம், இரண்டு தலைமுறை எதிரிகளுக்கு முன்னால், ஆட்டத்தின் திசையை ஒரே ஆளாக மாற்றியவர் அவர் மட்டும்தான். 44ல் மேக்கியின் தலைமுறையையும், 54ல் ராக்கார்டுகளின் தலைமுறையையும் அவர் ஜெயித்தார். 1984ல் ஜி.ஏ.ஏ. நூற்றாண்டு அணியைத் தேர்ந்தெடுத்தபோதும், 2000ல் ஆயிரமாண்டு அணியைத் தேர்ந்தெடுத்தபோதும் அவர் இருந்தார்.

ரிங்கிடமே கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். என் ஆட்ட நாட்கள் முடிந்துவிட்டன, ஆனால் சிறந்த ஹர்லிங்காரர்கள் எல்லாம் பழைய காலத்தவர்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம், அவர்கள் இப்போது நம்மோடு இருக்கிறார்கள், இன்னும் சிறந்தவர்கள் வருவார்கள் என்பது அவர் சொன்னது. சொன்னதோடு நிற்காமல் அந்த இளைஞர்களோடு வேலையும் செய்தார். கார்க் அணியின் தேர்வாளர்களில் ஒருவராக 1976, 77, 78 மூன்று வருடமும் ஆல் அயர்லாந்து ஜெயித்த அணிக்குப் பின்னால் இருந்தார்.

மூன்றாவது வெற்றிக்கு ஆறு மாதம் கழித்து, 1979 மார்ச் 2 அன்று, கார்க் நகரத் தெருவில் மாரடைப்பு வந்து விழுந்தார். வயது 58. இறுதி ஊர்வலத்தின் வழி நெடுக நின்றவர்கள் அறுபதாயிரம் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். க்ளோய்னில் அடக்கம் செய்தார்கள். கல்லறை அருகே உரையாற்றியவர் அன்றைய அயர்லாந்துப் பிரதமர். அவர்தான் ஜாக் லிஞ்ச், க்ளென் ரோவர்ஸிலும் கார்க் அணியிலும் ரிங்கோடு தோளுரசி ஆடிய அதே லிஞ்ச். 1941 முதல் 46 வரை ஆறு வருடமும் ஹர்லிங்கில் ஐந்து, கேலிக் கால்பந்தில் ஒன்று என ஆறு ஆல் அயர்லாந்துப் பதக்கம் வாங்கிவிட்டு அரசியலுக்குப் போனவர். அயர்லாந்தின் பசும் மைதானங்களில் ஹர்லிங் ஆடும்வரை, ஆஷ் மரம் தோலில் படும் அந்தச் சிலிர்ப்புக்காகச் சிறுவர்கள் கமானை வீசும்வரை கிறிஸ்டி ரிங்கின் கதையைச் சொல்வார்கள் என்று அவர் பேசினார். நாட்டின் பிரதமர் ஒரு லாரி டிரைவரின் குழி ஓரத்தில் நின்று, சக ஆட்டக்காரராகப் பேசிய பேச்சு அது.

கார்க் நகரத்துக்குப் போனால் அவர் பெயர் உங்களை விடாது. விமான நிலையத்தில் சிலை, லீ ஆற்றின் மேல் பாலம், ஜி.ஏ.ஏ. வாங்கி 1993ல் திறந்த பார்க் ஈ ரின் மைதானம். க்ளோய்னில் இன்னொரு சிலை. 2005ல் ஹர்லிங்கின் இரண்டாம் வரிசை கவுண்டிகளுக்காகத் தொடங்கி, 2018லிருந்து மூன்றாம் வரிசைக்கு மாறிய கோப்பைக்கும் அவர் பெயர்தான்.

அவர் ஆடியதைப் பார்க்க வேண்டும் என்றால், 1964ல் லூயி மார்கஸ் எடுத்த, கிறிஸ்டி ரிங் என்றே பெயரிட்ட ஆவணப்படத்தைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு அடியையும் எப்படி அடிப்பது என்று அவரே செய்து காட்டுவார். பார்க்கும்போது பந்தைப் பின்தொடராதீர்கள். அவர் மணிக்கட்டையும் கால்கள் நிற்கும் விதத்தையும் பாருங்கள். நாற்பது வயதைத் தாண்டிய மனிதர் அவர், பக்கத்தில் எதிரணி இல்லை, கூட்டம் இல்லை, லாரியிலிருந்து இறங்கித் தனியாகப் பந்தடித்த அந்த ஆயிரக்கணக்கான மதியங்களில் எப்படி இருந்திருப்பாரோ அப்படியே இருக்கிறார்.